டீசலின் பல்லுக்குத் தாங்கிய வளையம்

லெஸ்யா சாவ்சுக்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். பனிமேல் கனமான கல்லைத் தள்ளி ஆடுகிற கர்லிங் ஆட்டத்தின் கிளப்பில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, கல் வழுக்கிப் போகிற பனித்தளத்தைப் போடுகிறவள் அவள். கல்யாணமாகி வந்த குளிர்காலத்திலிருந்து அதுதான் அவள் வேலை. ஆட வருகிற ஒவ்வொருவனையும் வாசலில் மறித்து, "ஷூவத் தொடச்சியா?" என்பாள். பாதிரியார் ஒருமுறை துடைக்காமல் உள்ளே கால் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஆசி வாங்குகிற அதே பெண், செவ்வாய்க்கிழமை அவரை வாசற்படிக்கு வெளியே குளிரில் நிற்கவைத்து ஷூவைக் கழற்றச் சொன்னாள். ஒரு மணல் துகள் கிடந்தால் போதும், கல்லின் போக்கே கெட்டுவிடும் என்பாள்.

அவள் புருஷன் ஓரெஸ்ட் எங்கள் அணிக்குக் கேப்டன். நான் அதில் முதல் கல் தள்ளுகிறவன், அதாவது அதிகமாகத் திட்டு வாங்குகிறவன். பகலில் விவசாயக் கூட்டுறவுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பேன். மாட்டுக்கு உப்புக்கட்டி, வேலிக் கம்பி, பூட்ஸ், நாய்த் தீனி, நாய்ப் பொம்மை எல்லாம் எங்களிடம் கிடைக்கும். எங்கள் சஸ்காட்சுவான் மாகாணத்தில் இந்த அளவு ஊருக்கு ஒரு கடைதான் இருக்கும். ஊர்க்கதை எல்லாம் அந்தக் கல்லாவைத் தொட்டுக்கொண்டுதான் போகும்.

ஓரெஸ்டின் நாய்க்கு டீசல் என்று பெயர். பாதி ஆடு மேய்க்கும் சாதி, மீதிப் பாதி அதன் அம்மாவுக்கே வெளிச்சம். குட்டியாக வந்த நாளிலிருந்து அது உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் ஓரெஸ்ட். காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பே வாசலில் நின்று பந்தை வீசுவான். அவன் வீசினால் முற்றத்தைத் தாண்டி, ரோட்டோரப் பள்ளத்தில் போய் விழும். டீசல் அதை எடுத்துவந்து அவன் வலது கையில் வைக்கும். கை சலிக்கும்வரை இதுதான். சலிப்பது எப்போதும் ஓரெஸ்டின் கைதான்.

போன அறுவடை முடிகிற சமயத்தில், மதியச் சாப்பாட்டு மேஜையில், ஓரெஸ்டுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் போயின. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. யார்க்டன் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வீட்டுக்கு வந்தான். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வாசலில் அவனுக்கு ஒரு மரச்சரிவு கட்டிக் கொடுத்தோம். கோணலாக இருக்கிறது என்று லெஸ்யா எங்களை ஒரு வழி பண்ணிவிட்டு, பிறகு எல்லோருக்கும் முட்டைக்கோஸ் உருண்டை போட்டாள்.

அவன் வீடு வந்த அன்றே டீசல் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடிவந்தது. வழக்கப்படி வலது கையில் வைத்தது. கை மூடவில்லை. பந்து உருண்டு விழுந்தது. நாய் அதைத் திரும்ப எடுத்து வைத்தது. திரும்பவும் விழுந்தது. தான் சரியாக வைக்கவில்லை என்று நினைத்திருக்க வேண்டும், அடுத்த தடவை மிகவும் மெதுவாக, விரல்களுக்கு நடுவில் வைத்தது. ஓரெஸ்ட் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவன் லெஸ்யாவிடம் சொல்லிவிட்டான். "டாரில்கிட்ட சொல்லு. நாய அவன் கொண்டுபோகட்டும். வீசுறதுக்கு ஆள் இருக்கிற எடத்துல இருக்கட்டும்." டாரில் அவனுடைய தங்கை மகன். வடக்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிறான். மாடுகள் கன்று போட்டு முடியட்டும், வருகிறேன் என்றானாம்.

மறுநாள் லெஸ்யா கடைக்கு வந்து கல்லாவில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"உங்கிட்ட இருக்கிற நாய்ப் பொம்மை எல்லாத்தையும் எடுத்து வெளிய போடு."

"எதுக்கு லெஸ்யா? அதான் டாரில் கூட்டிட்டுப் போறானாமே. உனக்கும் ஒரு வேலை குறையும்ல?"

"ஆமா, நீ ரொம்ப அக்கறைக்காரன். காலையில அந்த நாயத் திட்டுறதுக்குத்தான் அவன் கண்ணையே தொறக்குறான். நாய் போயிருச்சுன்னா எதுக்கு எந்திரிப்பான்? எனக்காகவா? என்னத்தான் நாப்பது வருஷமா பாக்குறானே." அவள் கண் கலங்கியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "அவனும் போயிருவான் லோர்ன். படுத்தபடியே போயிருவான்."

"அப்ப, நாய் இருக்கட்டும்னு நீ ஒரு வார்த்த சொல்லேன்."

"சொன்னா கேப்பான். அதனாலதான் சொல்லமாட்டேன். எனக்காக வச்சுக்கிட்டான்னா அது என் நாய் ஆயிரும். அது அவன் நாயா இருக்கணும்."

அவளுக்கு வேண்டியது இதுதான்: ஓரெஸ்ட் தன் இடது கையால் அனுப்பக்கூடிய ஒரு பொம்மை. அது டீசலின் பல்லுக்கும் தாங்க வேண்டும். முதலாவது எவ்வளவு கஷ்டமோ இரண்டாவதும் அவ்வளவு கஷ்டம். டீசல் பொம்மையோடு விளையாடாது. அதை விசாரணை செய்யும், உள்ளே என்ன ஒளித்து வைத்திருக்கிறாய் என்று.

டென்னிஸ் பந்து இனிக் கூடாது என்று கால்நடை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அதன் மேல்ரோமம் உப்புத்தாள் மாதிரி பல்லைத் தேய்த்துவிடும்; டீசலின் முன்பற்கள் ஏற்கெனவே பாதி. முறுக்குக் கயிறு வாங்கினாள். அது நூல் நூலாகப் பிரிந்து வயிற்றுக்குள் போய், மருத்துவர் ஒரு ராத்திரி பக்கத்திலேயே இருந்து வெளியே வரவழைத்தார். இன்னொரு முறை இப்படி ஆனால் வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்றார். பிளாஸ்டிக் தட்டு, வாசலில் வீசிய முதல் வீச்சிலேயே குளிரில் கண்ணாடிபோல் உடைந்தது. சத்தம் போடுகிற வாத்துப் பொம்மையின் சத்தம், கூட வந்திருந்த டீசலின் வாயில், நான் பாக்கி சில்லறையை எண்ணிக் கொடுப்பதற்குள் நின்றுபோனது.

அதன்பிறகு நாங்கள் இரண்டு பேரும் சோதிக்காமல் எதையும் நாய்க்குக் கொடுக்கவில்லை. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்ப்பாள். நகம் துளியும் பதியாவிட்டால் அது பல்லை உடைக்கும், பதிந்தது அப்படியே நின்றுவிட்டால் பல் அதைக் கிழிக்கும். அமுங்கி, திரும்பி எழ வேண்டும். பூட்ஸ் காலால் மிதிப்பாள். ராத்திரி முழுக்க என் வண்டியின் பின்பெட்டியில் குளிரில் போட்டு வைத்து, காலையில் வளைத்துப் பார்ப்பாள். ஒருநாள் நான் கடைக்குள் வரும்போது ஒரு ரப்பர் எலும்பைத் தானே கடித்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்திருந்த ஒரு பண்ணைக்காரர், "பசின்னா வீட்டுக்கு வா, என் பொண்டாட்டி ஏதாவது தருவா" என்றார். லெஸ்யா வாயிலிருந்து எடுக்காமலே, நரகத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அவருக்கு வழி சொன்னாள்.

இதற்கு நடுவில் ஊர்க்காரர்கள் காசு போட்டு, பந்தைத் தானாகத் துப்புகிற ஒரு மெஷினை வரவழைத்துக் கொடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். பந்தை மேலே போட்டால் அது முற்றத்தின் கோடிவரை துப்பும். டீசல் ஓடியது, எடுத்தது, மெஷினைச் சுற்றிக்கொண்டு நேராக வந்து ஓரெஸ்டின் வலது கையில் பந்தை வைத்தது. எத்தனை முறை துப்பினாலும் அப்படியே. லெஸ்யா கைகொட்டி, "இங்க போடு, இங்க" என்று மெஷினைக் காட்டினாள். நாய் அவளைப் பரிதாபமாகப் பார்த்தது. அன்று சாயங்காலம் மெஷினின் மின்கம்பியைக் கடித்துத் துண்டாக்கிவிட்டது. அந்த விஷயத்தில் நான் நாயின் கட்சி.

கடைசியில் பல்லுக்குத் தாங்குகிற பொருள் எங்கள் கடையின் அடித்தட்டிலேயே அகப்பட்டது. நீல நிறத்தில், கெட்டியான ரப்பர் வளையம். விழுங்க முடியாத அளவு பெரிது. நகத்துக்கு அமுங்கி எழுந்தது. மிதித்தாலும் எழுந்தது, குளிரில் போட்டும் வளைந்தது. டீசல் அதை விடிய விடிய விசாரித்தும் அது எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. லெஸ்யா ஒரே மாதிரி மூன்று வளையங்கள் வாங்கினாள்.

ஆனால் கனம். ஓரெஸ்ட் இடது கையால் அதை ஒரே ஒரு முறை வீசினான். தன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே போட்டான். டீசல் ஓடத் தயாராகி, பின்காலை உந்தி, நாலடி தாவிவிட்டது. பிறகு நின்று, ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்தது. ஓரெஸ்ட் வளையத்தைப் பார்க்கவே இல்லை.

"சனிக்கிழமை வரச் சொல்லு டாரில" என்றான்.

லெஸ்யா சரி என்றாள். எனக்குப் போன் பண்ணி, "வரச் சொல்லிட்டேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். திட்டாமல் அவள் போனை வைத்தது அன்றுதான்.

அந்த வாரம் நடுவில் ஒருநாள் கதகதப்பாகி, மறுநாளே கடுங்குளிர் திரும்பியது. முற்றமெல்லாம் உருகி உறைந்து பளபளத்தது. நாங்கள் கட்டிய மரச்சரிவும்தான். ஓரெஸ்டைக் கோட்டு, குல்லா, கம்பளி எல்லாம் சுற்றி மதிய வெயிலுக்காகச் சரிவின் மேல்முனையில் உட்காரவைத்திருந்தாள் லெஸ்யா. ராத்திரி வாசலில் டீசல் விட்டுப்போன வளையம் அங்கேயே கிடந்தது. நாய் அதைக் கவ்விக்கொண்டு வந்து அவன் மடியில் வைத்தது. அவன் எரிச்சலோடு இடது கையால் அதைத் தட்டிவிட்டான்.

வளையம் சரிவில் விழுந்தது. விழுந்தது நிற்கவில்லை. நாயின் எச்சில் அதன் அடியில் மெல்லிய தோலாக உறைந்திருந்தது. பனியின்மேல் அது சரசரவென்று இறங்கி, முற்றத்தைக் கடந்து, கொட்டகை வரைக்கும் போயிற்று. டீசல் நாலு காலும் நாலு பக்கமாக வழுக்க, அதைத் துரத்திக்கொண்டு ஓடியது. எடுத்துவந்து திரும்ப மடியில் வைத்தது. ஓரெஸ்ட் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மறுபடி தட்டிவிட்டான்.

சமையலறை ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லெஸ்யா இதைப் பார்த்தாள். பாத்திரம் அப்படியே தொட்டியில் கிடந்தது. எனக்குப் போன் வந்தது.

"நான் ஒரு முட்டாள்" என்றாள்.

"யார் சொன்னா?"

"நான் சொல்றேன். வாழ்நாள் பூரா ஐஸ் போட்டவ நான். ரெண்டு மாசமா வீசுறதுக்குப் பொருள் தேடிட்டு இருந்தேன். இந்த ஊர்ல எவனாவது எதையாவது வீசி ஆடுறானா? தள்ளித்தானே ஆடுறோம். உனக்கும் தோணலையே, நீயும் கல் தள்றவன்தானே? கிளப்புக்குப் போ. என் தெளிக்கிற டப்பாவையும், அலமாரியில இருக்கிற தள்ளுகோலையும் எடுத்துட்டு வா."

நான் போனபோது அவள் சரிவின் அடியிலிருந்து கொட்டகைவரைக்கும் பனியை வழித்து, வாளி வாளியாக வெந்நீர் ஊற்றி ஒரு நீளப் பாதை போட்டிருந்தாள். தெளிக்கிற டப்பாவை முதுகில் மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடி, கையை இப்படியும் அப்படியும் வீசித் துளிகளைத் தூவினாள். அவை விழுந்த இடத்தில் பொரிப்பொரியாக உறைந்தன. அந்தப் பொரிமேல்தான் கல் மிதந்து போகும். ரோட்டில் போன வண்டிகள் நின்று நின்று போயின. வளையங்களின் அடியை வாளித் தண்ணீரில் நனைத்து, குளிரில் கவிழ்த்து வைத்தாள். ஒன்று நாயின் வாயில் இருந்தால் ஒன்று உறையும், ஒன்று தயாராக இருக்கும்.

தள்ளுகோல்தான் தகராறு. குனிய முடியாதவர்கள் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ கல்லைத் தள்ளுவதற்கு வைத்திருக்கிற நீளக் கம்பு அது. வயதானவர்கள் அதை வைத்து ஆட அனுமதி கேட்ட வருடம், கிளப் கூட்டத்தில் எழுந்து, குச்சி வைத்துத் தள்ளுவதற்கு வீட்டில் உட்கார்ந்து சீட்டாடலாம் என்று சொன்னவன் ஓரெஸ்ட். ஊரே கேட்டது. லெஸ்யா அதன் நுனியில் வளையத்துக்கு ஏற்றபடி ஒரு வளைந்த மரத்துண்டைப் பொருத்தி அவன்முன் நீட்டினாள்.

"அத எடுத்துட்டுப் போ" என்றான்.

"சரி" என்றாள். கெஞ்சவில்லை. தானே சரிவின் அடியில் போய் நின்று, கம்பை வைத்து வளையத்தைத் தள்ளினாள். அது பாதி வழியில் நின்றுவிட்டது. டீசல் சோம்பலாகப் போய் எடுத்துவந்தது. அடுத்ததை ஓரமாகத் தள்ளினாள். அது பனிமேட்டில் முட்டியது. அவள் ஐஸ் போடுவதில் மட்டுமல்ல, ஆடுவதிலும் கெட்டிதான். இவ்வளவு மோசமாக அவளுக்குத் தள்ளவே வராது என்பது எனக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

மேலேயிருந்து முனகல் கேட்டது.

"என்னது?" என்றாள் லெஸ்யா, திரும்பாமல்.

"வேகமே இல்ல."

"ஓ. இது போதாதா?"

அடுத்ததும் பாதி வழி. ஓரெஸ்டின் இடது கை நாற்காலிப் பிடியைத் தட்டியது. எங்கள் அணியில் யாராவது கல்லைக் குறைவாகத் தள்ளினால் கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்க்கிற துடைப்பத்தை அவன் தட்டுவானே, அதே தட்டு.

"என்ன பொம்பள நீ, கல்ல தள்றியா, தாலாட்டுறியா? நாய் தூங்கிரும். இடுப்புலருந்து வரணும்."

"வந்தா வருது, வராட்டி போகுது. எனக்கு இவ்வளவுதான் தெரியும்."

"லோர்ன்" என்று என்னைக் கூப்பிட்டான். "என்னைக் கீழ எறக்கு. அந்தக் கம்ப வாங்கு அவகிட்டருந்து. அசிங்கமா இருக்கு பாக்க."

நான் இறக்கினேன். சக்கரத்துக்கு அடியில் செங்கல் வைத்தேன். இடது கையில் கம்பைக் கொடுத்தேன். முதல் தள்ளு கோணலாகப் போயிற்று. இரண்டாவது கொட்டகைவரை போயிற்று. டீசல் குரைத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், இலையுதிர்காலத்திலிருந்து உள்ளே அடைத்து வைத்திருந்ததெல்லாம் அவிழ்ந்துவிட்டது போலிருந்தது. வளையத்தைக் கொண்டுவந்து, கம்பு இருந்த கையைப் பார்த்தது, மடங்கிக் கிடந்த கையைப் பார்த்தது. பிறகு வளையத்தை இடது பக்கம், கம்பின் நுனியருகே வைத்தது. அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்போதும் ஓரெஸ்ட் டாரிலை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரிகூடச் சொல்லவில்லையாம். லெஸ்யாவும் கேட்கவில்லை. நான் அவளிடம், "ஒரு தடவ கேட்டுடேன், உயிர் போயிருமா?" என்று கத்தினேன். "எனக்குப் போனாப் பரவால்ல. அவனே சொல்லணும்" என்றாள்.

சனிக்கிழமை காலையில் டாரிலின் வண்டி வந்தது. பின்னால் நாய்க்கூண்டு, உள்ளே வைக்கோல் எல்லாம் போட்டு வைத்திருந்தான், நல்ல பையன். எஞ்சினை அணைக்காமல் இறங்கி, கையில் கயிற்றோடு முற்றத்துக்கு வந்தான். ஓரெஸ்ட் சரிவின் அடியில் கம்போடு உட்கார்ந்திருந்தான். லெஸ்யா வாளிக்குப் பக்கத்தில் நின்று வளையத்தை நனைத்துக்கொண்டிருந்தாள். கண் டாரிலின் கயிற்றின்மேல் இருந்ததில் தண்ணீர் அவள் பூட்ஸில் கொட்டியது.

"மாமா, கூண்ட இங்க கொண்டாரவா? இல்ல, நீங்களே ஏத்திவிடுறீங்களா?"

"ஐஸ் மேல கால வைக்காத" என்றான் ஓரெஸ்ட். "ஷூவத் தொடச்சியா?"

டாரில் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"மாமா, டீசல..."

"அவனுக்கு வேலை இருக்கு" என்றான் ஓரெஸ்ட். "பாத்தா தெரியலையா?"

சொல்லிவிட்டு வளையத்தைத் தள்ளினான். கோபத்திலோ சந்தோஷத்திலோ, வேகம் கூடிவிட்டது. அது பாதை முடிகிற இடத்தையும் தாண்டி, கொட்டகையின் மூலையைச் சுற்றிக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. டீசலும் பின்னாலேயே மறைந்தது. குரைப்பு கேட்டது, பிறகு அதுவும் இல்லை.

"எங்க போச்சு?" என்றான் ஓரெஸ்ட். கழுத்தை நீட்டினான். உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த மூலை தெரியாது. கம்பைத் தரையில் ஊன்றினான், நல்ல காலை அழுத்தினான், எழுந்துவிட்டான். யார்க்டனிலிருந்து வருகிற பயிற்சிக்காரப் பெண் வாரா வாரம் கெஞ்சியும் எழாதவன், நாய் எங்கே என்று பார்ப்பதற்காக எழுந்து நின்றான். தான் நிற்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

லெஸ்யா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். தொடவில்லை. விழுந்தால் பிடிக்க இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் முழுக்க நனைந்திருந்தது. என் முகத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

கொட்டகை மூலையிலிருந்து டீசல் வளையத்தோடு வெளியே வந்தது. ஓரெஸ்ட் மெதுவாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"டாரில்" என்றாள் லெஸ்யா, குரலைச் சரி செய்துகொண்டு. "வண்டிய அணைச்சிட்டு உள்ள போய் அடுப்புல தண்ணி வை. பெரோகிக் கொழுக்கட்டை பண்ணி வச்சிருக்கேன், நாலு பேருக்கும் காணும்."